மைவி வேறு, பள்ளி வேன் வேறு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 39. பேராக், சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். செம்பனை ஆலை ஆபீசில் கிராணி வேலை. என் மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர் என்னையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார். ஈப்போவில் பார்த்ததில் எனக்கு ஏடிஎச்டி எனும் கவனக் குறைபாடு, கூடவே ஆட்டிசமும் இருக்கிறது என்றார்கள். இப்போது காலை பசியாறிய பிறகு, ஏழரை மணி வாக்கில், ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் நீண்டநேர மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன்.

20 வயதிலிருந்து கார் ஓட்டுகிறேன், இப்போது வைத்திருப்பது மைவி. பெரிய விபத்து எதுவும் இல்லை. யோசனையில், திரும்ப வேண்டிய சிம்பாங் சந்திப்பைத் தாண்டிப் போய்விடுவது உண்டு. போன வருடம் தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வலப்பக்கம் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரரைக் கவனிக்கவில்லை. அவர் பிரேக் போட்டதால் தப்பித்தோம்.

வீட்டுக்காரர் இரண்டு பள்ளி வேன் வைத்திருக்கிறார். ஒரு டிரைவர் நின்றுவிட்டதால் பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான பிஎஸ்வி லைசென்சை என்னை எடுக்கச் சொல்கிறார். "ஃபாரத்துல இதெல்லாம் எழுதாதே, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். மாமியாரோ, மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லி, "தஞ்சோங் ரம்புத்தான் போய்ட்டு வந்தவ ஓட்டுற வேன்ல எவ பிள்ளைய ஏத்துவா?" என்று கேட்கிறார். தம்பி மகன் இணையத்தில் பார்த்துவிட்டு, சொல்லாவிட்டால் ஆயிரம் பவுண்டு அபராதம் என்கிறான். நான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் போய்ச் சொல்ல வேண்டுமா? இத்தனை வருடமும் பொய் சொல்லித்தான் லைசென்ஸ் வைத்திருந்தேனா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. லைசென்சுக்கு விண்ணப்பிக்கிறவர், தான் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய நோயோ குறையோ தனக்கு உண்டா என்று அறிவிக்க வேண்டும் என்கிறது நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. 20 வயதில் உங்களுக்குத் தெரிந்ததைத்தான் நீங்கள் அறிவிக்க முடியும். உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எந்த ஆசிரியருக்கும் தெரியாது. ஒருவருக்கு ஏடிஎச்டியும் ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒப்புக்கொண்டதே 2013இல்தான். அதற்கு முன்பு ஒன்று இருந்தால் மற்றொன்றின் பெயரை எழுத முடியாது. போதாததற்கு நீங்கள் பெண்பிள்ளை. வகுப்பில் நாற்காலி மேல் ஏறிக் குதிக்கிற பையன் கண்ணில் படுவான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கனவு காண்கிற பெண்ணை "கொஞ்சம் மறதி, நல்ல பிள்ளை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

தம்பி மகன் பார்த்தது பிரிட்டன் சட்டம். லைசென்ஸ் கொடுக்கும் டிவிஎல்ஏ என்ற அமைப்பிடம், ஓட்டுவதைப் பாதிக்கும் உடல்நிலையை மறைத்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் அங்கே உண்டு. "பாதிக்கும்" என்பதைப் பையன் கவனிக்காமல் விட்டிருப்பான். 2019 தொடக்கத்தில் அதே டிவிஎல்ஏ, ஆட்டிசம் உள்ள எல்லாரும் சொல்லியே ஆக வேண்டும் என்பதுபோலத் தன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களுக்கான அமைப்புகளும் கொதித்துப்போனார்கள். மன்னிப்புக் கேட்டு, ஓட்டுவதைப் பாதித்தால் மட்டும் சொன்னால் போதும் என்று திருத்தினார்கள். அங்கேயே நிலைமை இதுதான். அந்த அபராதத்தை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் சட்டத்தின் வாசகத்தில் ஏடிஎச்டி என்றோ ஆட்டிசம் என்றோ ஒரு சொல்லும் இல்லை. "ஓட்டினால் பொதுமக்களுக்கு ஆபத்தாக இருக்கக்கூடிய" நோய் அல்லது குறை என்றுதான் இருக்கிறது. அப்படி ஒரு நிலை லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அந்த லைசென்சை ரத்து செய்யும் அதிகாரமும் ஜேபிஜே இயக்குநருக்கு உண்டு. இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது சாலையில் என்ன நடக்கிறது என்பதுதான். உங்கள் கோப்பில் டாக்டர் என்ன பெயர் எழுதினார் என்பது அதற்குப் பிறகுதான். அதனால், பெயர் தெரிந்த மறுநாளே கவுண்டருக்கு ஓடி உங்கள் மைவி லைசென்சை நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரியில் கோப்பு திறந்ததும் ஜேபிஜேக்குத் தகவல் பறப்பதும் இல்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது டாக்டர்களுக்கான நெறி. மற்றவர் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில இடங்களில்தான் அதற்கு விலக்கு உண்டு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தெரியாமல் ஓட்டியதற்கும் தெரிந்த பிறகு ஓட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்து, "வலப்பக்கம் திரும்பும்போது உனக்குச் சிரமம் என்று உனக்கே தெரியுமே, என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டால், உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அந்த மோட்டார்க்காரர் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள இளம் ஓட்டுநர்களின் விபத்துப் பதிவுகளை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. மொத்தத்தில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இடித்துக்கொள்வதில்லை. வேகமாகப் போய் இடிப்பது அவர்களிடம் குறைவு, ஏனென்றால் விதி என்றால் விதி. ஆனால் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட்டுத் திரும்பும் இடத்திலும், யூ-டர்ன் எடுக்கும் இடத்திலும், அடுத்தவருக்கு வழிவிட வேண்டிய இடத்திலும் அவர்கள் விபத்து அதிகம். அமெரிக்காவில் அது இடப்பக்கத் திருப்பம். நமக்கு அது வலப்பக்கத் திருப்பம், நீங்கள் எழுதிய அதே இடம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்த்து, வருகிற லோரியின் வேகத்தைக் கணித்து, அதன் நிழலில் ஒளிந்து வரும் மோட்டாரையும் பிடித்து, பின்னால் ஹார்ன் அடிக்கிறவனையும் தாங்கிக்கொண்டு ஒரு முடிவெடுக்க வேண்டும். தோட்டத்துச் சிம்பாங் எதிலும் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி நின்றால் பாதிச் சாலை மறைந்துவிடும்.

இதற்கு நான் சொல்லும் வழி ரொம்ப சாதாரணமானது. அந்த இடத்தில் வலப்பக்கம் திரும்பாதீர்கள். இடப்பக்கம் திரும்பி, சிக்னல் விளக்கு உள்ள சந்திப்பு வரை போய் வழி மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகலாம், ஆகட்டும். திரும்பியே ஆக வேண்டுமென்றால், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள்: வலம், இடம், மறுபடி வலம், மோட்டார். கடைசிச் சொல்லை வேண்டுமென்றுதான் சேர்த்திருக்கிறேன். பெரிய வண்டியைத் தேடுகிற கண்ணுக்குச் சின்ன வண்டி தெரியாது, தனியாகத் தேடினால்தான் தெரியும்.

இன்னொன்று, எதிரில் வருகிறவர் அடிக்கும் லைட். "நீ போ" என்று ஒருவர் அடிப்பார், "நான் வருகிறேன், நில்" என்று இன்னொருவர் அடிப்பார், "முன்னால் போலீஸ் ரோட்பிளாக்" என்று மூன்றாமவர் அடிப்பார். லோரிக்காரர் சிக்னல் போட்டு முந்திப் போகச் சொல்வது வேறு கணக்கு. இதையெல்லாம் முகம் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களே தடுமாறுகிறார்கள். நீங்கள் இந்த ஆட்டத்துக்கே போக வேண்டாம். யார் எப்படி லைட் அடித்தாலும், உங்கள் கண்ணுக்குச் சாலை காலியாகத் தெரிந்தால் மட்டும் நகருங்கள்.

ஏடிஎச்டி பக்கம் சிக்கல் வேறு மாதிரி. திருப்பமும் நெரிசலும் இருக்கும் வரை மூளை விழித்திருக்கும். நீண்ட நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுதான் அது வேறெங்கோ போய்விடும். சிம்பாங்கைத் தாண்டிப் போனேன் என்கிறீர்களே, அது இந்த வகை. மருந்து இங்கே உண்மையாகவே உதவுகிறது. அமெரிக்காவில் ஏடிஎச்டி உள்ள 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவக் காப்புறுதிப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஒரே ஆளின் மருந்து எடுத்த மாதங்களையும் எடுக்காத மாதங்களையும் ஒப்பிட்டார்கள். மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்து ஆபத்து பெண்களிடம் 42 விழுக்காடும் ஆண்களிடம் 38 விழுக்காடும் குறைவு. "மாத்திரை சாப்பிடுகிறவள் எப்படி ஓட்டுவாள்?" என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அதே மருந்தை முதல் முறை தொடங்கும்போதும், அளவை மாற்றும்போதும் சில நாள் ஓட்டாமல் இருங்கள். தலைசுற்றல், படபடப்பு, தூக்கக் குறைவு எது வரும் என்று ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்பதால் சாலையில் சலுகை கிடையாது. மருந்தின் பாதிப்பில் வண்டியைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் ஓட்டினால் அது குற்றம்தான்.

இனி வேன். இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

பிஎஸ்வி எடுக்க மருத்துவப் பரிசோதனை உண்டு, அதற்கென்று ஜேபிஜே ஃபாரமும் உண்டு. டாக்டர் உங்களைச் சோதித்து, கேள்விகள் கேட்டு, தகுதி உண்டா இல்லையா என்று கையெழுத்துப் போடுவார். மனநலம் பற்றியும் சாப்பிடும் மருந்து பற்றியும் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பொய் அறிவிப்புக் கொடுத்து லைசென்ஸ் வாங்குவது தனிக் குற்றம். அதைவிட முக்கியம், அந்த டாக்டர் உங்கள் பொய்யை நம்பித்தான் கையெழுத்துப் போடுவார், பதினைந்து பிள்ளைகளின் தாய்மார்கள் அந்தக் கையெழுத்தை நம்புவார்கள். வெறும் கையோடு போகாதீர்கள். உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம், நோய் விவரம், மருந்தின் பெயர், எவ்வளவு நாளாக நிலையாக இருக்கிறீர்கள், ஓட்டுவதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏடிஎச்டி என்று கேட்டதும் கிளினிக் டாக்டர் தயங்கலாம். நிபுணர் கடிதம் கையில் இருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

காப்புறுதியிலும் இதே வித்தியாசம் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணைப்படி, சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுக்கிறவர், கம்பெனி கேட்கிற கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததைத் தேடிப் போய்ச் சொல்லும் கடமை இல்லை. உங்கள் மைவிக்கு அந்த விதி. தொழிலுக்கு எடுக்கும் காப்புறுதியில் கடமை பெரிது. கம்பெனியின் முடிவை மாற்றக்கூடியது என்று தெரிந்த விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பள்ளி வேன் இந்த வகை. உங்களை ஓட்டுநராகச் சேர்க்கும்போது வீட்டுக்காரர் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். ஏஜெண்ட் போனில் "பரவாயில்லை அண்ணே" என்று சொன்னது க்ளேம் வரும் நாளில் செல்லாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நேரம்தான். நீங்கள் மாத்திரை சாப்பிடுவது ஏழரைக்கு. அது வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பள்ளி வேன் கிளம்புவது ஆறு மணிக்கும் முன்னால். ஆக, இருட்டில், பனியில், லைட் இல்லாத மோட்டார்களுக்கு நடுவே, பின்னால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, மருந்து உடம்பில் இல்லாமலே காலை ஓட்டத்தை முடித்திருப்பீர்கள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பசியாறி மாத்திரை போட்டால் மதிய ஓட்டமும் அடங்கலாம், ஆனால் அதற்கு இரவு ஒன்பதரைக்காவது படுத்தாக வேண்டும். தூக்கம் குறைந்தால் மருந்து அதை ஈடுகட்டாது. இதை நீங்களாகவே மாற்றாதீர்கள், டாக்டரிடம் பேசி மாற்றுங்கள்.

சத்தமும் ஒரு பிரச்சினை. பிள்ளைகள் கூச்சல், ரேடியோ, வைப்பர், ஹார்ன் எல்லாம் சேர்ந்தால் உங்களுக்குத் தலை மரத்துப்போகிறதா? கடிதத்தில் இதைப் பற்றி எழுதவில்லை. முதலில் ஒரு மாதம் வீட்டுக்காரர் ஓட்ட, நீங்கள் வேனில் உதவியாளாக உட்கார்ந்து போய்ப் பாருங்கள். உட்கார்ந்தே தாங்க முடியவில்லை என்றால் ஓட்டுவதைப் பற்றிப் பேச வேண்டாம். தாங்க முடிந்தால் அடுத்த படி: பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பெமுலிஹான் சாராகெர்ஜா எனும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கவனம், எதிர்வினை வேகம், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது ஆகியவற்றை அங்கே சோதிப்பார்கள். உங்கள் நிபுணரிடம் அங்கே அனுப்பும் பரிந்துரைக் கடிதம், சூராட் ருஜுக்கான், கேளுங்கள். அந்த ரிப்போர்ட் நல்லதாக வந்தால் உங்களுக்குப் பலம், மோசமாக வந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. நீங்கள் பிஎஸ்விக்குத் தகுதியா இல்லையா என்று ஒரு கடிதத்தைப் படித்து நான் சொல்ல மாட்டேன். அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு வேறு டிரைவர் தேடிக்கொள்ளட்டும்.

ரோட்பிளாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பார்மசி லேபல் ஒட்டிய அதே பொட்டலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பையில் உதிரியாகப் போடாதீர்கள். டாக்டர் கடிதத்தின் நகல் ஒன்று காரில் இருக்கட்டும். வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் இந்த மருந்து போதைப்பொருளாகக் காட்டுவது அபூர்வம். ஆனாலும் சோதனைக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் விளக்குவது தலைவலி.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு எடுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினாலும் கேட்க வேண்டாம். சமூக நல இலாகாவான ஜேகேஎம்மில் செய்யும் அந்தப் பதிவு விருப்பப்பட்டு எடுப்பது. ஏடிஎச்டி, ஆட்டிசம் இரண்டும் அங்கே கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் வரும். வண்டி ஓட்டும் தகுதிக்கான தீர்ப்பு அங்கே எழுதப்படுவதில்லை.

மாமியார் பேச்சுக்கு வருகிறேன். 1911இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரியின் ஊர்ப்பெயரை நம் பேராக் தமிழர்கள் நாலு தலைமுறையாக ஏச்சாகவே வைத்திருக்கிறோம். அவரிடம் வாதாடிப் பயனில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை வேறு பெற்றோரும் கேட்பார்கள், அதற்காக நீங்கள் நோய் விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியதில்லை. சட்டப்படி சொல்ல வேண்டிய இடம் பரிசோதிக்கும் டாக்டரும் காப்புறுதிக் கம்பெனியும். தாமானுக்கெல்லாம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. உங்கள் மகனுக்கும் அதே உரிமை உண்டு, அவனைப் பற்றிய விவரமும் இந்தச் சண்டையில் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அப்பாயின்மெண்டுக்கு வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். வேனின் நேர அட்டவணையை எழுதிக்கொண்டு போங்கள்: முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், கடைசிப் பிள்ளையை எப்போது இறக்க வேண்டும், எத்தனை வலப்பக்கத் திருப்பம். மருந்து நேரத்தையும், சூராட் ருஜுக்கானையும், கடிதத்தையும் அதே நாளில் பேசி முடித்துவிடலாம்.